மலை இறங்கியவர்கள்

வெள்ளைப் புலியின் அடைப்புக்கு முன்னால் அவர்கள் வந்து நின்றபோது அங்கே புலி இல்லை. காய்ந்த புல்லும் பாதி வற்றிய தொட்டியும் மட்டும் வெயிலில் கிடந்தன.

"உள்ள போயி படுத்துக்கினு இருக்கும்மா," என்றான் சாய்குமார்.

"உள்ள ஏர்கோன் இருக்கா நைனா?" என்று கேட்டாள் தரணி.

"இருந்தாலும் இருக்கும்."

"அப்போ நாமளும் உள்ளயே போலாம்லா."

ஏழு வயதுப் பெண்ணின் அந்தக் கோரிக்கையில் தேவசேனாவால் எந்தக் குறையும் காண முடியவில்லை. மூன்று வயது பவன் அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தான். மலையில் முடி இறக்கிய தலையில் பூசிய சந்தனம் காய்ந்து, அவள் தோளில் செதில்செதிலாக உதிர்ந்தது. வாங்கிக்கொடுத்த தொப்பியை அவன் மான்களின் அடைப்புக்குள் எறிந்துவிட்டிருந்தான். பேட்டரி வண்டிக்கு நின்ற வரிசையின் நீளத்தைப் பார்த்து நடந்தே சுற்றிவிடலாம் என்று தீர்மானித்தது அவள்தான். எனவே யாரையும் குறைசொல்லவும் வழியில்லை. எதிரே சேஷாசல மலைத்தொடர் கானலில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இப்படி ஊர் சுற்றுவது அவர்கள் திட்டத்திலேயே இல்லாத ஒன்று. இன்று மிருகக்காட்சிசாலை, நேற்று அறிவியல் மையம், அதற்கு முந்தைய நாள் கபில தீர்த்தம், நாளை சந்திரகிரிக் கோட்டை. எதைப் பார்த்தாலும் அதைப் பார்ப்பதற்காக அவர்கள் வரவில்லை என்பது தேவசேனாவுக்குத் தெரிந்தே இருந்தது. வந்தது சாய்குமாரின் வீட்டுக்கு. நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவன் பிறந்து வளர்ந்த வீடு. தாயும் தந்தையும் போனபின் இப்போது அண்ணன் வேங்கடாசலமும் அண்ணி காஞ்சனாவும் வாழும் வீடு. பத்தாண்டுகளுக்கு முன் கடல் தாண்டி ஜோகூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவன் அங்கேயே தேவசேனாவை மணந்துகொண்டான். அவளோ மூன்று தலைமுறையாக ஜோகூர்க்காரி. கணவனின் வீட்டை அவள் கைப்பேசித் திரையில் அன்றி வேறெங்கும் பார்த்ததில்லை.

தவறு தொடக்கத்திலேயே நேர்ந்துவிட்டது. மலைக்குத் தரிசனச் சீட்டு கிடைத்த ஒரே நாள் அவர்கள் சென்னையில் இறங்கிய மறுநாள். எனவே விமான நிலையத்திலிருந்து நேராகத் திருப்பதிக்கு வந்து, மலை ஏறி, பவனுக்கு முடி இறக்கி, சாமியைப் பார்த்து, கீழே வந்து, லாட்ஜிலிருந்து சாய்குமார் உற்சாகமாக அண்ணனைக் கூப்பிட்டான்: "நாளைக்குக் காலீல வூட்டுக்கு வந்துர்றோம்ணா." அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு கேட்டது அண்ணியின் குரல்.

"மல ஏறி எறங்கிட்டீங்களா? ஐயோ தம்பி, என்னா வேல பண்ணிட்ட!"

மலையில் தரிசனம் முடித்தவர்கள் நேராகத் தம் வீட்டுக்குத்தான் போகவேண்டும். வழியில் பிறர் வீட்டுப் படி ஏறினால், கொண்டுவந்த அருள் அந்த வீட்டிலேயே தங்கிவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. வெளியூர்ச் சொந்தங்கள் முதலில் எல்லா வீட்டுக்கும் போய்க் கை நனைத்துவிட்டு, கடைசியாகத்தான் மலை ஏறுவார்கள். சாய்குமாருக்கும் அது தெரியும். ஆனால் அண்ணன் வீடு பிறர் வீட்டுக் கணக்கில் வரும் என்பது அவன் மனத்தில் தோன்றவே இல்லை. அதைத் தொலைபேசியில் சொல்லி வாதாடவும் அவனால் முடியவில்லை. "சரி அண்ணி, பாக்கலாம்," என்று வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்றான். அன்றிலிருந்து அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று அண்ணனும் அண்ணியும் பேருந்தில் இங்கே வருகிறார்கள். வீட்டுக்கு அழைத்துப்போகத்தான் வருகிறார்கள் என்று சாய்குமார் நம்பினான். காலையில் பெட்டிகளைப் பாதி அடுக்கியும் வைத்துவிட்டான்.

மிருகக்காட்சிசாலை வாசலுக்கு வெளியே, வண்டிகள் நிற்குமிடத்துப் புங்கமரத்தடியில் அண்ணனும் அண்ணியும் முன்பே வந்து காத்திருந்தார்கள். பழைய சேலையை விரித்து, அதன் நான்கு மூலைக்கும் தூக்குப் பாத்திரங்களை வைத்திருந்தாள் காஞ்சனா. பவனைக் கண்டதும் எழுந்து வந்து தேவசேனாவின் இடுப்பிலிருந்து அவனை வாங்கிக்கொண்டாள்.

"என்னாம்மா இது, கொழந்த தல இப்டி வெந்துபோயி கீது! வாடா கண்ணு, பெரிம்மாகிட்ட வா." ஈரத் துண்டால் அவன் தலையை ஒற்றினாள். புதியவர் யாரிடமும் போகாத பவன், அசதியில் மறுப்பதற்கும் வலுவின்றி அவள் தோளில் சாய்ந்தான்.

வேங்கடாசலம் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "என்னாடா, அந்த ஊரு சோறு துன்னு துன்னு தொப்ப போட்டுகினு வந்துகீற?"

"நீ மட்டும் என்னாண்ணா, தலையில ஒண்ணுத்தயும் காணோம்."

"எனக்கா? சாமி வூட்டுக்கே வந்து மொட்ட போட்டுட்டாருடா. வரிசயில நிக்கவே இல்ல."

தரணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தேவசேனாவும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். புளிசோறும் வேர்க்கடலைச் சட்னியும் மாங்காய் ஊறுகாயும் தட்டுகளில் விழுந்தன. லாட்ஜுக்குக் கீழே உள்ள ஓட்டலின் இட்லியையே இத்தனை வேளையும் தின்ற பிள்ளைகள் பேசாமல் சாப்பிட்டார்கள்.

சாய்குமார் பையிலிருந்து லட்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "இத வாங்கிக்கலாமா அண்ணி? புண்ணியம் இதுல ஒட்டிக்கினு உங்க வூட்டுக்கு வந்துடாதா?"

"கிண்டல் பண்ணாத தம்பி. பிரசாதம் வேற, காலு வேற." காஞ்சனா லட்டைக் கண்ணில் ஒற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் என்னா ஆசப்பட்டா சொல்றன்? என் தங்கச்சி மல எறங்கி நேரா எங்க வூட்டுக்கு வந்தா. அக்கா வூடுதான, என்னா ஆவப்போவுதுன்னு நானும் கூட்டி ஒக்கார வெச்சன். அந்தக் கோடைல அவுங்க போர்ல தண்ணி நின்னுபோச்சி. எங்க போர்ல ஏறிச்சி."

"மழ பெஞ்சி ஏறிச்சி," என்றார் வேங்கடாசலம்.

"மழ அவுங்க ஊருலயுந்தான பெஞ்சிச்சி? இன்னிவரிக்கும் அவ எங்கிட்ட பேசறதில்ல. என் தண்ணிய எடுத்துக்கினியேன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரியறா. நாளைக்கி இந்தக் கொழந்தைங்களுக்கு ஒரு சொரம் வந்தாகூட, பெரிம்மா வூட்டுக்குப் போனதாலதான்னு எம்மேல வரும். எனக்கு வேணாம்பா."

அது சாக்கு அல்ல என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் சாய்குமார் பேசவில்லை என்று தேவசேனா நினைத்தாள். சோற்றில் கையை வைத்துக்கொண்டு, உருண்டை பிடிப்பதும் அதைப் பிரிப்பதுமாக இருந்தான். அவன் கேட்கமாட்டான். பாதி அடுக்கிய பெட்டிகளோடு இன்னும் நான்கு நாள், குரங்கையும் கோட்டையையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு இருப்பானே தவிர வாய் திறக்கமாட்டான். தன் கால்களில் எரியும் கொப்புளங்களை நினைத்துக்கொண்டு தேவசேனா பேசினாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? மத்தவங்க வீட்டுக்குத்தானே போகக் கூடாது? இது அவரு பொறந்த வீடு. சொந்த வீட்டுக்குப் போறதில என்னா தப்பு? நேரா வந்த மாதிரிதானே? நடுவுல நாங்க யாரு வீட்டுக்கும் போகல. லாட்ஜுலதான் இருந்தோம்."

"அதான," என்றார் வேங்கடாசலம், கையைத் தட்டில் தட்டியபடி. "லாட்ஜி வூடு ஆவாது. நானும் இவகிட்ட அதான் சொன்னன்."

"சொன்ன, யாரு இல்லன்னது?" என்றாள் காஞ்சனா. தூங்கிவிட்ட பவனை மடியில் நேராகக் கிடத்தி, முந்தானையால் முகத்துக்கு நிழல் கட்டினாள். பிறகு தேவசேனாவைப் பார்த்து, கோபமில்லாமல், கணக்கு விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்:

"தம்பி வூடு இல்லன்னு நான் சொல்லலம்மா. ஆனா சொந்த வூடுன்னா அதுக்கு ஒரு மொற கீது. மல எறங்கி வந்து வூட்டுக்குள்ள காலு வெச்சதும் அந்த வூட்டுப் பொம்பள வெளக்கேத்தணும். தேங்கா ஒடச்சி, கோயிந்தா சொல்லி, அப்பறந்தான் முடிஞ்சதா அர்த்தம். அப்ப நீதான் ஏத்தணும். நான் தள்ளி நின்னுக்கணும். ஏத்து, வேணான்னு சொல்லல. இருவது வருசமா நான் ஏத்தற வெளக்கு. ஒரு நாளு தள்ளி நின்னா தேஞ்சி பூடமாட்டன். ஆனா நீ ஏத்தி வெச்சிட்டு ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவ. மறுநாளு நான் அத ஏத்தறப்ப, யாரு வூட்டு வெளக்க ஏத்தறன்?"

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சுற்றுலாப் பேருந்து பின்னோக்கி நகர்ந்து, பின்னோக்கியே நகர்ந்து, எங்கும் இடம் கிடைக்காமல் நின்றது.

தான் கேட்டது என்ன என்பது தேவசேனாவுக்கு இப்போதுதான் விளங்கியது. அவளுக்கு வேண்டியிருந்தது பிள்ளைகள் ஓர் இரவாவது கால் நீட்டிப் படுக்க ஒரு வீடு. கணவன் முகத்தில் இத்தனை நாளாகக் கிடக்கும் அந்த வாட்டம் நீங்கிப்போவது. அவற்றுக்கு விலையாக, எந்த அறை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு வீட்டில், அதைத் தினமும் பெருக்கித் துடைப்பவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரியாகத் தான் போய்த் திரியைத் தூண்ட வேண்டும். வேங்கடாசலம் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வா என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் விரும்பினார் என்றும் தோன்றியது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சுவரும் கூரையும் கிணற்றடியும் யாருக்கு என்ற கேள்வியும் கூடவே எழுந்து வரும் என்பது அங்கிருந்த பெரியவர்கள் நால்வருக்கும் தெரிந்தது.

"வேணா அண்ணி," என்றான் சாய்குமார். "வெளக்க நீங்களே ஏத்துங்க."

"அப்டி சொல்லலடா தம்பி..."

"தெரியும். நீங்க சொல்றது சரி. நாங்க நேரா வூட்டுக்கே போயிட்றோம்."

"எந்த வூட்டுக்கு?" என்றார் வேங்கடாசலம், திடுக்கிட்டவர்போல.

"ஜோகூருக்கு. வேற எங்க?"

எட்டு ஆண்டுகளாக அந்த ஒரு சொல்லுக்காகத் தேவசேனா காத்திருந்தாள். பத்தாவது மாடியில் அவள் ஆசையாக வாங்கிப்போட்ட திரைச்சீலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, "வூட்டுக்குப் போன் பண்ணன்," என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அப்படியானால் இது என்ன என்று ஓரிருமுறை சண்டையும் போட்டிருக்கிறாள். இப்போது அவன் சொல்லிவிட்டான். விரல்களில் ஊறுகாய் எண்ணெயோடு, புங்கமரத்தடியில், யாரையும் நோகடிக்காத குரலில். அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. அதைத் திருப்பி வாங்கிக்கொள் என்று சொல்லவும் முடியவில்லை.

காஞ்சனா மிச்சச் சோற்றைச் சுரண்டி ஒரு டப்பாவில் அடைத்து, "ராத்திரி கொழந்தைங்களுக்குக் குடு, கெடாது," என்று தேவசேனாவின் பையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆயினும் சொன்னதை மாற்றவில்லை. வேங்கடாசலம் எழுந்து தரணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய பெண்ணைச் சுமந்தபடியே வாடகைக் கார்வரை நடந்தார். மூச்சு வாங்கியது, இறக்கிவிடச் சொல்லியும் இறக்கவில்லை.

"அடுத்த மொற மொதல்ல வூட்டுக்கு வாடா," என்றார் கார் கதவைப் பிடித்துக்கொண்டு. "அப்பறம் மல ஏறிக்கலாம்."

"சரிண்ணா. மொதல்ல உங்க வூட்டுக்குத்தான்."

வேங்கடாசலம் கதவிலிருந்து கையை எடுத்தார்.

கார் நகரத்துக்குள் நுழையும்போது பிள்ளைகள் இருவரும் உறங்கிவிட்டிருந்தார்கள். பவனின் வியர்த்த தலை தேவசேனாவின் கையில் ஒட்டிக்கிடந்தது. சாய்குமார் முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே பேசினான்.

"டிக்கெட்ட முன்னால மாத்த முடியுமான்னு பாரேன்."

"எதுக்கு? இன்னும் நாலு நாள் இருக்கே. கோட்டைக்குப் போறோம்னு தரணிகிட்ட சொல்லியிருக்கோம்."

"நேரா போவணும்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று கண்ணாடியில் அவன் முகத்தைத் தேடினாள். அவன் விளையாடவில்லை. சுற்றிப் பார்த்தது போதும் என்கிற ஒருவனின் முகம் அது. மறு கையால் கைப்பேசியை எடுத்து, டிக்கெட் தளத்தில் மெதுவாகச் சுழலும் வட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளை மறுநாள் காலையில நாலு சீட் இருக்கு," என்றாள். "ஒண்ணா இல்ல. ரெண்டு முன்னால, ரெண்டு கடைசியில."

"பரவால்ல. போட்டுடு."

எந்தப் பிள்ளை யாரோடு உட்காருவது, எது அழும், எது தூங்கும் என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள்.