சுண்ணாம்பு போட்ட இடம்

முகாமில் அவளை எல்லோரும் விசில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அலுவலகத் தாள்களில் முகாம் பொறுப்பாளர் என்று இருக்கும். ஆனால் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வரிசையில் முட்டிக்கொள்கிறவர்களை ஊதி ஊதிப் பிரிக்கிற ஒருத்தியை யார் போய்ப் பொறுப்பாளரே என்று கூப்பிடுவார்கள்?

அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. கூடாரத்துக்கு ஒரு நிறுவனம், தண்ணீருக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, போர்வைக்கு ஒன்று. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நிறத்தில் மேல்சட்டை. காலைக் கூட்டத்தில் எல்லா நிறங்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "அது எங்கள் வேலை இல்லை" என்பதை மட்டும் ஒரே குரலில் சொல்லும். போர்வை கொண்டுவருகிறவர்களுக்கு அதை இறக்குவது வேலை இல்லை. குழாய் போடுகிறவர்களுக்குக் குழாயடிச் சேறு வேலை இல்லை. யாருடைய வேலையும் இல்லாத எல்லாம் வந்து விழுகிற இடம் விசில் அக்காவின் தலை. அவளும் சளைத்தவள் இல்லை. பொழுது விடிந்தால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மழை பிடித்த பிறகு பெரிய தலைவலி பள்ளத்து வரிசைதான். முகாமின் தாழ்ந்த ஓரத்தில் இருந்த கூடாரங்கள் அவை. மேலே இருந்து வழிகிற கழிவு எல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. "அந்தத் தண்ணியில நிக்கிற வரைக்கும் நான் குடுக்கிற மருந்து பூரா தண்டம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வரிசையையே மேட்டுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. சொன்ன உடனே எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள், தையல்காரியைத் தவிர.

சண்டைக்குப் பயந்து ஆற்றைக் கடந்து வந்தபோது மற்றவர்கள் நகையையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வர, கையால் சுற்றுகிற தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள். கூடவே ஒரு துணிச்சுருள். மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட துணி. மலிவாகக் கிடைக்கிறதே என்று புருஷன் ஒரு தடவை சுருளோடு வாங்கி வந்துவிட்டான். வீட்டில் திரைச்சீலை அதில்தான், தலையணை உறை அதில்தான், மகள் குட்டிக்குச் சட்டையும் அதில்தான். கூடாரத்துக்கும் அதையே திரையாகத் தொங்கவிட்டிருந்தாள்.

"நான் வரலக்கா" என்றாள் தையல்காரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மேட்டுல புதுக் கூடாரம்மா. குழாய் பக்கத்துலயே. கசக்குதா?"

"அங்க மாளிகையே குடுத்தாலும் வேண்டாம். அவர் எங்களை விட்டுட்டுப் போனது இந்த இடத்துலதான். 'அப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன், நீ மட்டும் இடம் மாறிடாத'ன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனார்."

புருஷன் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கம். வீட்டை விட்டு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட தன் அப்பாவைக் கூட்டிவரப் போயிருந்தான். அந்தப் பக்கம் டவர்கள் எல்லாம் விழுந்து மாதக்கணக்காகிறது. போனும் கிடையாது, தகவலும் கிடையாது.

விசில் அக்கா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். தையல்காரி அசையவில்லை. கடைசியில் அவளை அசைத்தது குட்டியின் வயிறு. ஒரே ராத்திரியில் கண் உள்ளே போய், கை கால் துவண்டு, துணி மாதிரி கிடந்தது பிள்ளை. காலையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய்த் திரும்பியவள், விசில் அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"போறேன்க்கா. ஆனா அவர் வந்தா?"

"வாசல்ல சொல்லி வைக்கிறேன். எந்த நேரத்துல வந்தாலும் அவர் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து உன்கிட்ட விடறது என் பொறுப்பு. போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியம் எல்லாம் எதுக்கு? நான் சொன்னா சொன்னதுதான்."

அதை அவள் வெறும் வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. அன்றைக்கே வாசல் காவலர்களைக் கூப்பிட்டு, தையல்காரியின் புருஷன் என்று யார் வந்தாலும் தனக்குச் சொல்லாமல் உள்ளே விடக்கூடாது, வெளியேயும் விடக்கூடாது என்று ஆணி அடித்தாற்போல் சொல்லி வைத்தாள்.

மறுநாள் வரிசை காலியானது. கூடாரங்களைப் பிடுங்கிய கையோடு ஆட்கள் சுண்ணாம்பு மூட்டைகளோடு வந்தார்கள். நோய் வந்த தரையை அப்படியே விடக்கூடாது. கூடாரம் இருந்த ஒவ்வொரு சதுரத்திலும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பைத் தூவினார்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிக்கொண்டிருந்த தையல்காரி திரும்பிப் பார்த்தாள். மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, அதைப் போடாதீங்க!"

"கிருமி சாகணும்ல? இதுவும் மருந்து மாதிரிதாம்மா."

"இல்லக்கா, இங்க வர்றதுக்கு முன்னாடி ஆத்தோர முகாம்ல நாங்க இருந்தப்ப..."

அப்போது பார்த்து விசில் அக்காவின் போன் அடித்தது. போர்வை லாரி வாசல் சேற்றில் புதைந்துவிட்டதாம். அவள் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி, "அப்புறம் பேசலாம்மா" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து ஓடினாள். தலைக்கு மேல் வேலை இருக்கிறவர்களுக்கு அப்புறம் என்றால் எப்போது என்று நமக்குத் தெரியாதா? அந்த அப்புறம் வரவே இல்லை.

மேட்டில் குட்டி தேறிவிட்டாள். எழுந்து நடந்தாள், ஓடினாள், விசில் அக்காவின் விசிலைப் பிடுங்கி எச்சில்பட ஊதி, தண்ணீர் வரிசையையே ஒரு நாள் கலைத்துவிட்டாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் விசில் அக்காவுக்கு மனசு குளிர்ந்தது. எத்தனையோ கிழிசல்களுக்கு நடுவில் ஒன்றாவது ஒழுங்காகத் தைக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் தொட்டியடியில் நின்றிருந்தாள். தண்ணீர் லாரிக்காரர் குழாயை மாட்டிவிட்டு அவளிடம் வந்தார். வாய் ஓயாத மனிதர். லாரி ஓடாத நேரத்தில் வாய் ஓடும்.

"ஏன் மேடம், அந்தத் தையல்காரம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் என்ன சண்டை?"

"எந்த வீட்டுக்காரர்?"

"போன வாரம் நான்தானே மேடம் ஏத்திட்டு வந்தேன். நாலு ரோடு சந்திப்புல கை காட்டினார். முகாம்ல என் பொண்டாட்டி பிள்ளை இருக்காங்க, அவ தையல்காரின்னார். அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வர்றாராம், பாவம். பார்க்கவே எலும்பும் தோலுமா இருந்தார். இங்க தொட்டிகிட்ட இறக்கி விட்டேன்."

 தண்ணீர் லாரி வாசல் வழியாக வருவதில்லை. அதற்குப் பின்பக்கத்தில் தனிப் பாதை. அந்தப் பாதையைப் போட்டதே அவள்தான்.

"வாசல்ல போய்ப் பேர் குடுக்கச் சொல்லலியா?"

"சொன்னேனே. முதல்ல பிள்ளையைப் பார்த்துட்டுப் போறேன், கூடாரம் எனக்குத் தெரியும், யாரும் வழி காட்ட வேண்டாம்னு ஓடினார். எனக்கும் பிள்ளைங்க இருக்கே மேடம், எப்படித் தடுப்பேன்? ஆனா தொட்டி ரொம்பறதுக்குள்ள திரும்பி வந்துட்டார். வேட்டி, கை எல்லாம் வெள்ளை. பார்த்தாச்சான்னு கேட்டேன். பார்த்தாச்சுன்னார். வழி முழுக்க அழுதுட்டே வந்தார். குடும்பத்துக்குள்ள ஏதோன்னு நான் வாயை மூடிக்கிட்டேன்."

வாயை மூடாத மனிதர் அந்த ஒரு நாள் பார்த்து மூடிக்கொண்டிருக்கிறார்.

"எங்க இறங்கினார்?"

"அதே சந்திப்புலதான். துறைமுகம் போற ஒரு லாரில ஏறிட்டார்."

போன வாரம் தண்ணீர் லாரி வந்த அன்றைக்குத்தான் போர்வை கொடுத்தார்கள். முகாமே மறுகோடியில் வரிசையில் நின்றது. பள்ளத்துப் பக்கம் ஈ காக்கை இருந்திருக்காது. அவன் வந்து, அந்த வெள்ளைத் தரையில் மண்டியிட்டு, எழுந்து போயிருக்கிறான். ஆனால் ஏன் போனான்? அந்தக் கோடி வரை நடந்து ஒரு ஆளைக் கேட்டிருந்தால் போதுமே? அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் வரை போனில் தொங்கினாள். துறைமுகத்துப் பதிவு இடம், அடுத்த முகாம், அதற்கடுத்த முகாம், ஆஸ்பத்திரிகள். எங்கேயும் இல்லை. பெண்டாட்டி பிள்ளையைத் தேடுகிறவன் பதிவு செய்வான். தேடாதவன் எதற்குச் செய்யப் போகிறான்? சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தையல்காரி காத்துக்கொண்டிருக்கிறாள், காத்துக்கொண்டே இருக்கட்டுமே. நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து மேட்டுக்கு நடந்தாள்.

தையல்காரி யாருக்கோ கிழிந்த கூடாரத் துணியை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. என்ன, விசில் இல்லாம வந்திருக்கீங்க? உங்க சொத்தைக் குட்டி எழுதி வாங்கிட்டாளா?" என்று சிரித்தாள்.

விசில் அக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கைகள் வெள்ளையாக இருந்ததைச் சொன்னபோது மெஷின் நின்றது.

 "மாமா போயிட்டாரா" என்று மட்டும் கேட்டாள் தையல்காரி. அதற்கு அப்புறம்தான் சொன்னாள்.

"ஆத்தோர முகாம்ல காலரா வந்ததுக்கா. ஒரு கூடாரத்துல யாராவது ஒருத்தர் பிழைச்சிருந்தாக்கூட அதைப் பிரிக்க மாட்டாங்க. எல்லாரும் போயிட்டாத்தான் பிரிச்சுட்டுச் சுண்ணாம்பு போடுவாங்க. வெளியே போனவங்க திரும்பி வந்து வெள்ளையைப் பார்த்தா யாரையும் எதுவும் கேட்க மாட்டாங்க. கேட்டா சொல்றவங்களுக்கும் கஷ்டம். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடுவாங்க. நாங்களே எத்தனை பேரைப் பார்த்தோம், அவரும் நானும்."



"அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் தையல்காரி.

"என் தப்பும்மா."

"இடம் மாத்தினது தப்பில்லக்கா. மாத்தலேன்னா குட்டி இல்ல. ஆனா ஒரு நிமிஷம் நின்னு கேட்டிருக்கலாம்."

அவள் அழுதிருந்தால் தேவலை. சண்டை போட்டிருந்தால் இன்னும் தேவலை. குட்டி வெளியே யாரோடோ கத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தையல்காரி சொன்னாள்: "நான் தினமும் அவருக்குன்னு ஒரு தட்டு சாப்பாடு எடுத்து வைக்கிறேன். அவர் எங்கேயோ உக்காந்து எங்களை நினைச்சு அழுதுட்டிருப்பார். யார்கிட்ட போய்ச் சொல்றது, நாங்க உயிரோடதான் இருக்கோம்னு?"

மறுநாள் குட்டியின் பூப்போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு அவளே தொட்டியடிக்கு வந்தாள். லாரியின் முன்னால் கட்டச் சொன்னாள். "இந்தத் துணியை எங்க பார்த்தாலும் அவருக்குத் தெரியும். அவர் வாங்கினதுதான்." லாரிக்காரர் கண்ணாடிக்குக் கீழே சட்டையின் இரண்டு கையையும் விரித்து இழுத்துக் கட்டினார். வாரம் ஒரு தடவை தன் செலவிலேயே துறைமுகம் வரை ஓட்டிப் போய் வருவதாகவும் சொன்னார். காலைக் கூட்டத்தில் தண்ணீர் நிறுவனத்துக்காரர், வண்டியில் இப்படிக் கந்தலைக் கட்டக்கூடாது என்று ஆரம்பித்தார். விசில் அக்கா அவர் முகத்துக்கு நேராக விசிலை ஊதினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

லாரி வந்தால் குட்டிதான் முதலில் ஓடுவாள். தன் சட்டை வண்டி ஓட்டுகிறது என்று அவளுக்கு ஏகப் பெருமை. அவளுக்குப் பின்னால் தையல்காரி வந்து, லாரிக்காரரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள்.

மழை போய் வெயில் வந்தது. புழுதியிலும் காற்றிலும் சட்டை நைந்து, பூவின் சிவப்பெல்லாம் போய், ஒரு நாள் கை கிழிந்து தொங்கியது. விசில் அக்கா மேட்டுக்குப் போனபோது தையல்காரி துணிச்சுருளை விரித்துப் போட்டுப் புதுச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். குட்டியை நிற்க வைத்து அளவெடுத்திருந்தாள்.

"பழைய அளவுலயே வெட்டேம்மா. அவருக்குத் தெரிஞ்சது அதுதானே? துணியும் மிச்சமாகும்."

தையல்காரி கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"செத்த பிள்ளை சட்டைதான் அதே அளவுல இருக்கும்க்கா. அதைப் பார்த்தா யாரோ பழசை எடுத்துக் கட்டியிருக்காங்கன்னு திரும்பிப் போயிடுவார். பெருசா இருந்தாத்தான் அவ வளர்றான்னு தெரியும்."

விசில் அக்கா கீழே கிடந்த சுருளைப் பார்த்தாள். மெலிந்துபோயிருந்தது.

"இன்னும் எத்தனை சட்டைக்கு வரும்?"

"இது போக இன்னொண்ணு வரும்" என்றாள் தையல்காரி. "அவ ரொம்ப வளரலேன்னா."