சில டிரம்கள் காலி

இந்தக் காலத்தில் எவனும் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. 'பாக்கலாம்', 'இருக்கலாம்' என்று நழுவுவதற்குத்தான் படிக்கவே போகிறார்கள் என்பது ஆதிகேசவனின் தீர்மானம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி கேட்டில் அவர் பதினோரு வருஷமாக வாட்ச்மேன். ஆள் அனுப்பும் ஏஜென்சி இப்போது வாட்ச்மேன்களுக்கும் பரீட்சை வைத்துவிட்டது. பத்துக்கு ஆறு எடுக்காவிட்டால் அடுத்த மாதம் வேலை கிடையாது. அவர் எடுத்தது ஐந்து.

ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கும் ஏஞ்சலின் விடைத்தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"'சில டிரம்கள் காலி. அப்படியானால் மற்றவற்றில் சரக்கு இருக்கிறது.' இதுக்கு 'சரி'ன்னு டிக் போட்டிருக்கீங்க தாத்தா. 'சொல்ல முடியாது'தான் ஆன்சர்."

"இன்னா சொல்ல முடியாது? எல்லாம் காலின்னா எல்லாம் காலின்னு சொல்லிட்டுப் போறான். சிலதுன்னு ஏன் சொல்றான்?"

"பரீட்சைல சிலன்னா கொறஞ்சது ஒண்ணு. எல்லாமாவும் இருக்கலாம்."

"அப்ப கேள்வி எழுதுனவன் டிரம்ம தட்டியே பாக்கல."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. லாரி வந்தால் மேலே ஏறி, ஒவ்வொரு டிரம்மையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் கேட் சீட்டில் எழுதுவார். காலி, இல்லையென்றால் சரக்கு. சொல்ல முடியாது என்று எழுதினால் எந்த லாரி வெளியே போகும்?

"கொறஞ்சது ஒண்ணுன்னியே," என்றார். "சில ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போறேன்னு ஓசூர் போனான் எம்புள்ள. மூணு வருசம் ஆச்சு. அந்த ஒண்ணு எங்கம்மா?"

ஏஞ்சலின் ரப்பரையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தாள். "அழிச்சிட்டு மூணாவது கட்டத்துல, 'சொல்ல முடியாது'ல போடுங்க. சார் சாப்பிடப் போயிருக்காரு. நான் ஒண்ணும் பாக்கல."

பென்சிலை எடுத்தார். கேட் வேலை போனால் 'இன்னா பெர்சு, நாஷ்டா ஆச்சா?' என்று கேட்கும் டிரைவர்களும் போய்விடுவார்கள். மனைவி முத்தம்மாள் செத்த பிறகு வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. பென்சில் முனை தாளைத் தொட்டது. அதற்கு மேல் நகரவில்லை.

"அந்த டிரம்முங்க எந்த யார்டுல கீது?"

"ஐயோ தாத்தா, அது சும்மா கேள்வி. டிரம்மே கிடையாது."

"அதான பாத்தேன்." பென்சிலை வைத்துவிட்டு எழுந்தார்.

"வேலை போயிடும் தாத்தா!"

"போவட்டும். இல்லாத டிரம்முக்கு நான் சீட்டு எழுத மாட்டேன்."

வெளியே, கண்டெய்னர்கள் புழுதி கிளப்பிப் போகும் சாலையின் ஓரமாக, யூனிபாரத்தோடே நடந்தார்.

"எந்த ஊர்ல சிலதுன்னா எல்லாம்?" என்று, பக்கத்தில் யாரோ கூடவே வருவதுபோல் கேட்டுக்கொண்டே போனார்.