குழுவில் ஓராள் குறைவு

விக்னராஜாவுக்கு இந்த உலகத்தில் அறவே பிடிக்காத இடங்கள் மூன்று இருந்தன. மூன்றும் தென்னாப்பிரிக்காவில் இருந்தன. அவன் தென்னாப்பிரிக்காவுக்குப் போனதே இல்லை.

பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் அத்திலியோ என்ற கிழவரைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. கிழவர் இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியச் சிப்பாயாக லிபியாவில் பிடிபட்டு, கைதியாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். விட்ட பிறகும் ஊர் திரும்பவில்லை. டர்பனிலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு, சுற்றுலா பஸ் ஒன்றில் வழிகாட்டியாகக் காலத்தை ஓட்டினார். அந்த மண்ணின் சூலுக்களும் ஆங்கிலேயர்களும் போயர்கள் என்ற டச்சுக் குடியேறிகளும் நிலத்துக்காக ஒருவரையொருவர் கொன்று குவித்த இடங்களை உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிற வேலை. மனைவி செத்ததும், பலெர்மோவில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உடம்பு மட்டும்தான் வந்தது. புத்தி பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

ஆகவே தினமும் காலையில், காப்பி குடித்து முடித்ததும், கிழவர் துணித்தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கைதட்டுவார். "எல்லோரும் வந்தாயிற்றா?"

"வந்தாயிற்று," என்பான் விக்னராஜா. எல்லோரும் என்பது அவன் ஒருவன்தான்.

சந்தைக்குள் மீன்கடைகளின் ஐஸ் உருகி, இரத்தமும் செதிளும் கலந்து ஓடுகிற வடிகால் கான்தான் கிழவருக்கு இரத்த ஆறு என்ற போர்க்களம். அங்கே போயர்கள் வண்டிகளை வட்டமாகக் கட்டி நின்றதையும், சூலுக்கள் விழ விழ ஆறு சிவந்ததையும் சொல்லாமல் நகரமாட்டார். அடுத்தது வெள்ளைப்பூண்டு விற்கிற தூரியின் கடை. மேசையில் குவியல் குவியலாக இருக்கிற பூண்டுதான் இசாண்டில்வானா. அந்த மலையடியில் செத்த ஆங்கிலச் சிப்பாய்களின் புதைகுழிகளுக்கு மேலே வெள்ளைக் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்களாம். கிழவர் தொப்பியைக் கழற்றி, பூண்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார். வாங்க வந்த பெண்கள் என்னவோ ஏதோவென்று கையை இழுத்துக்கொள்வார்கள். தூரி தலையில் அடித்துக்கொள்வான்.

கடைசியில் வீட்டுப் படிக்கட்டு. அது ஸ்பியோன் கோப் குன்று. மூடுபனியில் ஏறிய ஆங்கிலேயர்கள் பதுங்குகுழியை ஆழமாக வெட்டாததால் போயர்களின் குண்டுக்கு எப்படி அகப்பட்டார்கள் என்று மாடிக்கு மாடி நின்று விளக்குவார். "உங்கள் ஆட்கள்தான் இங்கே காயப்பட்டவர்களைத் தூக்கினார்கள். இந்தியர்கள். தமிழர்களும் இருந்தார்கள்," என்று ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு மூச்சு வாங்க நிற்கும் விக்னராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கேயும் தூக்கினார்களாம், இங்கேயும் தூக்கு என்று மனதுக்குள் பொருமுவான்.

"சண்டை நடந்த இடத்தைக் காசு குடுத்துப் பாக்கிறவங்களாம், அண்ணை," என்று ஒருநாள் பலசரக்குக்கடை ஜெயரட்ணத்திடம் சொல்லி அலுத்துக்கொண்டான்.

"எங்கட ஊருக்கு வரச்சொல்லும் தம்பி. சும்மாவே காட்டலாம்," என்றார் ஜெயரட்ணம்.

சிரிக்க முடியவில்லை. இந்தக் கிழவர் கிறுக்கை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்ததற்குக் காரணம் ஒன்றுதான். வேலையோடு ஓர் அறையும் இருந்தது. வேலையும் இருப்பிடமும் இரண்டும் இருந்தால்தான் மனைவி சிவமலரை இத்தாலிக்குக் கூப்பிடலாம். ஆறு வருடமாகக் கூப்பிடப் பார்க்கிறான். இப்போதுதான் காரியம் கைகூடி வந்திருந்தது. இந்த நேரம் பார்த்துக் கிழவர் ஒருநாள் கைநழுவி, பஸ் ஏறி, பிரான்காச்சோ மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே நின்று சூலுக்களைத் தேடிக்கொண்டிருந்தார். மகள், சிஞ்ஞோரா லொரெடானா, விக்னராஜாவைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இப்படி நடந்தால் அப்பா முதியோர் இல்லத்துக்கு. நீ வெளியே."

அந்த வியாழக்கிழமை சிவமலர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டெலிபோன் கடையில் அவன் அழைப்பான் என்று காத்திருந்தாள். மறுநாள் அவளுக்கு இத்தாலிய எம்பசியில் விசாவுக்கு நேர்முகம். வழக்கமாகக் கிழவரை ஜெயரட்ணத்தின் கடையில் இருத்திவிட்டுத்தான் போன் எடுக்கப் போவான். அன்றைக்கென்று கடை பூட்டியிருந்தது. ஜெயரட்ணம் சாமான் எடுக்கக் கட்டானியா போயிருந்தார். வேறு வழி? கிழவரைப் பூண்டுக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். "தூரி, கொஞ்சம் பார்த்துக்கொள்," என்றான். கிழவரிடம், "வாதோ எ வெங்கோ," என்றான்.

போய் வருகிறேன் என்று அர்த்தம். வெளிக்கிடுகிறவன் "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும் என்று சின்ன வயதிலேயே நாக்கில் ஊறிப்போனது. இத்தாலி மொழி படித்தபோது அதை அப்படியே கொண்டுவந்து அதற்குள் இறக்கிவிட்டான். கடைக்குப் போனாலும், படுக்கப் போனாலும் வாதோ எ வெங்கோதான்.

போன் கடையில் சனம் நிறைந்து வழிந்தது. முன்னால் நின்ற மொரிசியஸ்காரி யாருடனோ சண்டைபிடித்து, அழுது, சமாதானமாகி, அதற்குப் பிறகு சமையல் குறிப்பும் கேட்டாள். அவன் முறை வந்தபோது லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அறுந்தது. வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது.

"இஞ்சாருங்கோ, கேக்குதோ?" என்றாள் சிவமலர் கடைசியில். "நாளைக்கு உங்கட வேலையைப் பற்றித்தான் கேப்பினமாம். வேலை இருக்குத்தானே?"

"ஓம், இருக்கு. நீர் பயப்பிடாதையும்."

"வீடு?"

"அதுவும் இருக்கு. போட்டு வாரும், எல்லாம் சரிவரும்."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பியவன் சந்தை முனையிலேயே கண்டுவிட்டான். மழைக்குக் கடைகள் எல்லாம் மூடியாயிற்று. தூரி பூண்டைத் தார்ப்பாயால் போர்த்திவிட்டு, ஒரு ஓட்டைக் குடையைக் கிழவரின் தலைக்கு மேலே பிடித்தபடி தன்னைத்தானே திட்டிக்கொண்டு நின்றான். கிழவர் தெப்பமாக நனைந்து, விட்ட இடத்திலேயே நின்றார். மழைக்கு அப்பாவைத் தேடி வந்த சிஞ்ஞோரா அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவர் குறைகிறார்," என்றார் கிழவர் மகளிடம். "போய் வருகிறேன் என்று சொன்னார். வராமல் பஸ் எடுக்க முடியாது. போர்க்களத்தில் யாரையும் விட்டுவிட்டுப் போன வழிகாட்டி நானல்ல."

சிஞ்ஞோரா திரும்பி விக்னராஜாவைப் பிடித்துக்கொண்டாள். "வாதோ எ வெங்கோ என்றா சொன்னாய்? ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறவன் சொல்கிற பேச்சு அது! இரண்டு நிமிடம்! எத்தனை நேரம் போய்விட்டாய்?"

"எங்கள் பாஷையில் அதற்கு நேரம் இல்லை, சிஞ்ஞோரா. எங்கே போனாலும், எவ்வளவு காலம் போனாலும் அதைத்தான் சொல்லுவோம்."

"அப்படியென்றால் உங்கள் பாஷையை உன்னோடேயே வைத்துக்கொள்."

வீட்டுக்கு வந்து கிழவரின் உடுப்பை மாற்றி, தலையைத் துவட்டி, சூப்பைக் கொடுத்த கையோடு அவள் விக்னராஜாவைப் போகச் சொல்லிவிட்டாள். கெஞ்சிப் பார்த்தான். மனைவியின் விஷயத்தைச் சொன்னான். ஆத்திரத்தில் அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவன் சாமான் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. இந்த வீட்டில் இனிக் காலே வைப்பதில்லை, ஒரேயடியாகப் பிரிகிறவர்கள் சொல்கிற 'அத்தியோ'வை வாசலில் ஒரே சொல்லாகச் சொல்லி முறித்துக்கொள்வது என்று கறுவிக்கொண்டுதான் கதவடிக்கு வந்தான். கிழவர் நாற்காலியிலிருந்து அவனைப் பார்த்தார்.

"வாதோ எ வெங்கோ," என்றது வாய். பாழாய்ப்போன வாய். சிஞ்ஞோரா கதவைப் படாரென்று சாத்தினாள்.

பின்னேரம் ஜெயரட்ணம் கட்டானியாவிலிருந்து வந்து கடை திறந்தபோது, விக்னராஜா அரிசி மூட்டைமேல் இடிந்துபோய் இருந்தான். நாளைக்குச் சிவமலர் எம்பசியில் போய் வேலை இருக்கிறது என்று சொல்லப்போகிறாள். விசாரித்தால் பொய் என்று வரும். சூலுக்களையும் போயர்களையும் ஆங்கிலேயர்களையும் ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தான்.

"விடும் தம்பி. சியாகுல்லித் தோட்டங்களிலை மந்தரின் தோடம்பழம் புடுங்க ஆள் தேடுறாங்கள்," என்றார் ஜெயரட்ணம்.

"அங்கை அறை குடுப்பாங்களே அண்ணை?"

அதற்கு அவர் பதில் சொல்லுமுன் சிஞ்ஞோரா கடைக்குள் வந்து நின்றாள். தலை கலைந்து, வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். "வாசலில் நிற்கிறார்," என்றாள். "நீ போனதிலிருந்து நிற்கிறார், தொப்பியோடு. சாப்பிட மாட்டேன் என்கிறார், இருக்க மாட்டேன் என்கிறார். ஓராள் குறைகிறதாம். நீ சொன்னாயாம், வருவேன் என்று. காலெல்லாம் நடுங்குகிறது. வந்து தொலை!"

நன்றாக நிற்கட்டும் என்றுதான் முதலில் அவனுக்குத் தோன்றியது. அடுத்த கணம் சிவமலரின் நினைவு வந்தது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில், ஆறு வருடத்துக்கு முன்னால், இதே சொல்லைத்தான் சிவமலரிடமும் சொல்லிவிட்டு வந்தான். அதை நம்பிக்கொண்டு அவள் இன்னும் நிற்கிறாள். அவள் தலைக்கு மேலே குடை பிடிக்க ஒரு பூண்டுக்காரன்கூட இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"நாளைக்கு என் மனைவியிடம் என் வேலை பற்றிக் கேட்பார்கள், சிஞ்ஞோரா."

"இருக்கிறது! வேலையும் இருக்கிறது, அறையும் இருக்கிறது! யார் கேட்டாலும் நானே சொல்கிறேன். நட!"

நாலு மாடியும் ஏறினான். கிழவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தாமதம்," என்றார் கடுமையாக. "குழு முழுவதும் உமக்காகக் காத்திருக்கிறது."

"எந்தக் குழு? நான் ஒருத்தன்தானே!" என்று விக்னராஜா கத்தினான்.

"ஒருத்தன் குறைந்தாலும் குறைவுதான்," என்று சொல்லிவிட்டுக் கிழவர் அவனை விரலால் எண்ணி முடித்த பிறகே தொப்பியைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து ஆறிப்போன சூப்பைக் குடிக்கத் தொடங்கினார்.

விக்னராஜா பையைக் கீழே வைத்தான். "அடுத்த மாதம் இன்னுமொருவர் வருவார், சிஞ்ஞோர். என் மனைவி," என்றான்.

கிழவரின் முகம் மலர்ந்தது. "போர்க்களம் பார்த்திருக்கிறாரா?"

ஷெல்லடிக்கு நடுவே, ஊரோடு ஊராக, சிவமலர் யாழ்ப்பாணத்தை விட்டு மழையில் நடந்து வந்ததை இவருக்கு எந்த மொழியில் சொல்வது? "பார்த்திருக்கிறார்," என்றான் எரிச்சலோடு. "உங்களைவிடக் கிட்ட நின்று."

கிழவர் கரண்டியை வைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"அப்படியானால் அவருக்கு இந்தச் சுற்று வேண்டாம்," என்றார். "சண்டை பார்த்தவர்கள் சிலர் என் பஸ்ஸில் வருவதுண்டு. அவர்களை நான் அங்கே இறக்குவதில்லை. கடற்கரைக்குக் கொண்டுபோய்விடுவேன்."

இனிக் கடற்கரைக்கும் பஸ் பிடிக்கவேண்டும், அதையும் பாடமாக்கவேண்டும் என்று விக்னராஜா வாய்க்குள் முணுமுணுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிய சூப்பைச் சூடாக்க எடுத்துப்போனான்.