தண்ணீர் தொடாத துண்டுகள்

தொழிற்சாலையில் அவளுக்கு ஊறல்காரி என்று பெயர். சாராயம் காய்ச்சுகிறாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் ஊறப்போடுவது விமான டேங்கின் துண்டுகளை. அங்கே கட்டுகிற சின்ன விமானத்துக்கு இறக்கையேதான் டேங்க். உலோகம் கிடையாது, கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்கி, சுட்டெடுத்து, உள்ளே ஒரு பூச்சுப் பூசியிருப்பார்கள். அதே மாதிரி செய்த துண்டுகளை நூலில் கட்டி, எரிபொருள் ஊற்றிய ஜாடிக்குள் தொங்கவிட்டு, சூட்டு அலமாரியில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பாள். பிறகு எடுத்து நகத்தால் கீறுவாள். கீறிப் பார்க்க இயந்திரமும் இருந்தது. அவள் நகத்தைத்தான் நம்புவாள். அவள் சரி என்று சொன்னால் மேலே மறுபேச்சு கிடையாது.

இந்தத் தடவை விவகாரம் மருந்தால் வந்தது. உயரே போனால் எரிபொருளில் இருக்கிற ஈரம் பனிக்கட்டியாகிக் குழாயை அடைக்கும். அடைக்காமல் இருக்க ஒரு மருந்தைக் கலப்பார்கள். நல்ல மருந்துதான், ஆனால் அதற்கு எரிபொருளைவிடத் தண்ணீர்மேல்தான் பாசம். டேங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கினால் போதும், சாக்குக் கிடைத்தால் பிறந்த வீட்டுக்கு ஓடுகிற மாதிரி அங்கே போய்ச் சேர்ந்து செறிந்துவிடும். அந்தச் செறிந்த மருந்து பூச்சை இளக்கி உரித்துவிடும். உரிந்த தோல் வடிகட்டியை அடைத்தால் இன்ஜின் நடுவானத்தில் பட்டினி கிடக்க வேண்டியதுதான். அதனால் அவள் ஜாடியின் அடியில் விரற்கடைத் தண்ணீர் விட்டு, துண்டின் கால் அதில் நனையும்படிதான் கட்டுவாள்.

அந்த விமானத்தை முதன்முதலில் மேலே கொண்டுபோகப் போகிறவன் அவளுடைய தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். எரிபொருள் பிரிவுக்குத் தலைவர் அவளுடைய கணவர். வீட்டிலே பேசி முடித்துவிட்டு வந்து விமானம் கட்டுகிறார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அலமாரியைத் திறந்த நாளில் அவள் வருவதற்குள் ஆட்கள் துண்டுகளை நூலோடு எடுத்துத் தட்டில் பரப்பியிருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை கீறினாள். ஒரு துண்டிலும் நகம் இறங்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் அங்கிருந்தே தம்பிக்கு போன் போட்டாள்.

"பூச்சு நிக்குதுடா. நீ பறக்கலாம்."

"எனக்குத் தெரியும்க்கா" என்றான் அவன். நம்பிக்கையில் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

துண்டுகளைத் துடைக்கும்போதுதான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. தண்ணீரில் நின்ற துண்டில், தண்ணீர் நின்ற உயரத்தில் பழுப்பாய் ஒரு கோடு விழும். எந்தத் துண்டிலும் கோடு இல்லை. ஒன்றைத் திரும்ப ஜாடிக்குள் தொங்கவிட்டாள். தண்ணீருக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றது. எல்லா நூலையும் யாரோ சுருக்கிக் கட்டியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. எரிபொருள் பட்ட நூலில் சாதாரண முடிச்சு வழுக்கும். அதற்கென்று அவள் ஒரு முடிச்சு வைத்திருந்தாள். அதை அவள் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அவர் புதிதாக வேலைக்கு வந்து அவளையே சுற்றிக்கொண்டிருந்த காலத்தில். அவருக்கு இடது கை. அவர் போட்டால் முடிச்சின் வால் இடது பக்கம் நிற்கும். தட்டில் இருந்த அத்தனை வாலும் இடது பக்கம் நின்றன. அலமாரியின் இன்னொரு சாவியும் அவரிடம்தான் இருந்தது.

கணவரின் அறைக்குப் போய் நூலை மேசைமேல் வைத்தாள்.

"இதை ஏங்க சுருக்குனீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. "உக்காரு."

"நின்னுக்கிட்டே கேக்கறேன்."

"நிஜ டேங்க்ல தினமும் அடித்தண்ணியை வடிச்சுடுவாங்க. உன் ஜாடியிலதான் அது மாசக்கணக்கா நிக்குது. இது என்ன நியாயம்?"

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், அப்புறம் ரெண்டு விதமாவும் ஊறப்போட்டிருப்பேன்."

"நீ கையெழுத்துப் போட மாட்டே."

"வடிக்க மறந்த அன்னைக்கு உள்ள உக்காந்திருக்கப் போறது யாருங்க? என் தம்பி."

அவர் நூலைச் சுட்டுவிரலில் சுற்றினார், அவிழ்த்தார். "அவனுக்குத் தெரியும்" என்றார்.

விமானம் நின்ற கொட்டகையில் தம்பி இறக்கையின் கீழே குனிந்து உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைக் கண்டதும் எழுந்தான்.

"மாமா சொல்லிட்டாரா?"

"நீ சொல்லு."

"பூச்சு தேறலைன்னா, உரிச்சு மறுபடி பூச வருஷம் போயிரும்க்கா. அதுக்குள்ள இளசா வேற ஒருத்தனை உக்கார வெச்சிருவாங்க. நான்தான் மாமாகிட்ட கேட்டேன். நான் வடிக்காம ஏற மாட்டேன், போதுமா?"

போதவில்லை. இத்தனை மாதமும் ஒரே மேசையில் மூவரும் சாப்பிட்டார்கள். "ஊறல் எப்படிக்கா இருக்கு" என்று இவன் கேட்பான். இவள் கவலையோடு சொல்லிக்கொண்டே போவாள். அவர் தலையாட்டிக்கொண்டே குழம்பு ஊற்றிக்கொள்வார். கூட இருந்தே குழி பறிப்பது என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அந்தக் குழி பறித்தவர்களுக்கு இவள் தன் கையாலேயே பரிமாறியிருக்கிறாள். உயிரைப் பணயம் வைத்தவன் அவன், சரி. அதற்கு ஜாமீனாக இவள் பெயரை, இவளைக் கேட்காமலே வைத்தார்களே என்றுதான் அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்றே தொழிற்சாலைத் தலைவரிடம் போனாள். நூலை வைத்தாள். இந்தச் சோதனை செல்லாது என்றாள். யார் செய்தது என்று அவர் கேட்டார். இரண்டு பேரையும் சொன்னாள்.

கணவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு நடந்தது. தம்பியின் இருக்கைக்கு வேறு ஆள் வந்தான். தம்பி வாசலில் நின்று, "கூடப் பிறந்தவளே கழுத்தை அறுத்துட்டே" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், பிறகு வரவில்லை.

அவள் மறுபடி ஊறப்போட்டாள், நீள நூலில். இந்தமுறை அலமாரிக்குப் புதுப் பூட்டு, ஒரே சாவி. திறந்த அன்று யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு துண்டிலும் பழுப்புக் கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே நகம் வைத்தாள். காய்ச்சிய பால் ஆடை மாதிரி பூச்சு சுருண்டுகொண்டு வந்தது.

வெற்றி என்று சொல்ல ஆளில்லை. கை தானாகத் தம்பியின் எண்ணை அழுத்தியது. எடுத்தான், பேசவில்லை.

"உரிஞ்சுதுடா" என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பேச வேணாம். நீ மூச்சு விடறது கேக்குது. அதுக்குத்தான் செஞ்சேன்."

"அக்கா..." என்று தொடங்கினான்.

"அதுக்காக நான் மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். நகத்தில் ஒட்டியிருந்த பூச்சைத் துடைத்துவிட்டு அடுத்த ஜாடியைத் திறந்தாள்.