ஈ.எல். 3317

பொனிபஸ் ஆறு வருடமாக ஒரு காரைக் கட்டினார். 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40. வெளியுடல் மட்டும் ஒஸ்ரின். எஞ்சின் வேறொரு காரிலிருந்து வந்த வி8. அது பொனட்டுக்குள் அடங்கவில்லை. பொனட்டைக் கழற்றிவிட்டார். சிவப்பு அடித்தார். பழைய உடலில் பெரிய எஞ்சின் பூட்டிய இப்படியான காரை ஹொட் ரொட் என்பார்கள். அவருடைய மனைவி யோசப்பின் அதைச் சத்தம் என்பார்.

"சத்தத்தைக் கொஞ்சம் தள்ளி விடுங்கோ. குப்பை வாளி எடுக்கவேணும்."

சிட்னியின் செவன் ஹில்ஸில், மகேந்திரராஜாவின் கராஜில், மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் பழைய கார்ச் சங்கம் கூடும். உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஓடுகிற கார்கள் இரண்டு. ஒன்று பொனிபஸுடையது. மற்றது மகேந்திரராஜாவுடையது. அதுவும் ஏ40. கறுப்பு. நிலத்தோடு ஒட்டியது. தெருவில் மேடு போட்டிருந்தால் அவர் வேறு தெருவால் போவார்.

கூட்டத்தில் பழைய படங்கள் காட்டுவார்கள். பழைய கதைகள் சொல்வார்கள். இளம் வயதில் தானும் ஓர் ஏ40 வைத்திருந்ததாகப் பொனிபஸ் சொல்வார். மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் ஓடியதாகச் சொல்வார். வருடத்துக்கு ஐந்து நிமிடம் குறைந்தது. இப்போது ஐம்பது நிமிடத்தில் நின்றது. மகேந்திரராஜாவும் யாழ்ப்பாணத்தில் ஓர் ஏ40 வைத்திருந்தார். அதில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போனார். இப்போது பதின்மூன்று பேர்.

அந்தக் கார்களின் படங்களை யாரும் பார்த்ததில்லை. பொனிபஸின் படம் வீட்டில் இருந்தது. மகேந்திரராஜாவின் படம் ரொறன்ரோவில் தங்கையிடம் இருந்தது.

இந்த வருடம் படம் தேவைப்பட்டது.

வருடாந்தக் கார்க் காட்சியில் சங்கத்துக்கு மண்டபத்துக்குள் ஓர் இடம் கிடைத்திருந்தது. ஒரே ஓர் இடம். மற்றக் கார்கள் வழக்கம்போல வெளியே புல்லில். போன வருடம் பொனிபஸின் காரைப் பொரித்த உருளைக்கிழங்கு விற்கும் வானுக்குப் பக்கத்தில் விட்டார்கள். ஒரு குழந்தை மட்காட்டில் தக்காளிச் சோஸால் கை பதித்தது. தாய் அதைப் படம் எடுத்தாள்.

மண்டபத்துக்குள் கம்பளம் உண்டு. விளக்கு உண்டு. காரைச் சுற்றிச் சிவப்புக் கயிறு உண்டு. பொனிபஸுக்கு அந்தக் கயிறு வேண்டும்.

செயலாளர் பிரேம்நாத் மலேசியாவின் கிள்ளானிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவர். அவர் விண்ணப்பத்தை வாசித்தார்.

"உள்ளே வைக்கிற கார் மாதிரியே ஒரு கார், முன்னாடி உங்க குடும்பத்துல சொந்தமா இருந்திருக்கணும். படம் ஒட்டணும். கையெழுத்துப் போடணும். பொய்யின்னு தெரிஞ்சா சங்கத்தையே வெளிய போட்டுடுவாங்க லா. படத்தை எடுங்க ரெண்டு பேரும்."

பொனிபஸ் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். உறையிலிருந்து படத்தை எடுத்தார். மேசையில் வைத்தார். விரலை எடுக்கவில்லை.

"விரலை எடுங்கண்ணே."

எடுத்தார்.

இருபத்துமூன்று வயதுப் பொனிபஸ். கறுப்புக் கண்ணாடி. ஒரு கை காரின் கூரையில். ஒரு கால் பம்பரில். படத்தின் வலப் பக்கம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. வெட்டு நேராக இல்லை.

"ஏன் வெட்டினனீர்?" என்றார் மகேந்திரராஜா.

"கறையான்."

"சிட்னியிலயோ?"

"உம்மட படத்தை வையும் ஐசே."

மகேந்திரராஜா வைத்தார். அவர் காருக்குள் சாரதி ஆசனத்தில் இருந்தார். இரண்டு கைகளும் ஸ்ரியறிங்கில். முகத்தில் அலுவல் இருந்தது. பொனட்டில் பூமாலை.

"கோயிலால வந்தனான்," என்றார் யாரும் கேட்காமலே.

பிரேம்நாத் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் பெருப்பித்தார். நேரம் எடுத்தார். மற்ற உறுப்பினர்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள்.

"அண்ணே, உங்க கார் நம்பர் என்னா?"

"ஈ.எல். 3317," என்றார் பொனிபஸ். அதை அவர் நாற்பத்துமூன்று வருடமாகப் பார்த்து வந்தார்.

"உங்களது?"

மகேந்திரராஜா படத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். 

"அதுவும் 3317," என்றார் பிரேம்நாத். "இடது மட்காட்டுல நசுங்கல். ரெண்டு படத்துலயும் இருக்கு."



"நான் வித்த காரைத்தான் இவர் வாங்கியிருக்கிறார்," என்றார் பொனிபஸ்.

"நான் உம்மட்ட வாங்கேல்லை. உம்மைச் செவன் ஹில்ஸ் ஸ்ரேசனிலதான் முதல் கண்டனான்."

"இடையில ஒராள் இருந்திருப்பார்."

"இது எண்பத்தொண்டில எடுத்த படம். உம்மட எப்ப?"

பொனிபஸின் படத்துக்குப் பின்னால் எழுதியிருந்தது. அதுவும் எண்பத்தொன்று.

மகேந்திரராஜாவுக்கு ஒரு வழி தெரிந்தது. "வடிவாப் பாருங்கோ. என்ர காரில கண்ணாடிக்குப் பக்கத்தில பிள்ளையார் தொங்குறார். இவற்றையில அந்தோனியார். ரெண்டும் வேற கார். நம்பர் பிழையா விழுந்திருக்கும்."

"அதுதான்," என்றார் பொனிபஸ் உடனே. "நான் பிள்ளையாரை ஏன் தொங்கவிடுறன்?"

பன்னிரண்டு வருடத்தில் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அப்போது யோசப்பின் கராஜுக்குள் வந்தார். கையில், கூட்டத்தில் சாப்பிடப் பொரித்த ரோல்ஸ் பெட்டி. அவர் எப்போதும் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறவர். பொனிபஸ் படத்தின்மேல் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்தார்.

"ரோல்ஸை மேசையில விட்டிட்டு வந்திட்டியள். அல்பத்தையும் திறந்தபடி விட்டிட்டு வந்திட்டியள்," என்றார் யோசப்பின்.

"நீர் போம் யோசு. கூட்டம் நடக்குது."

"கோப்பையை எடுங்கோ. படத்தில வட்டம் விழும்."

பொனிபஸ் கோப்பையை மெல்ல எடுத்தார். கயிறு போனால் போகட்டும். இந்தப் படம்தான் கல்யாணம் பேசும்போது யோசப்பின் வீட்டுக்குப் போன படம். பெடியன் சொந்தமாகக் கார் வைத்திருக்கிறான் என்று தரகர் சொன்ன படம். கல்யாணத்துக்குப் பிறகு, காரை விற்றுவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

பிரேம்நாத் நல்ல மனிதர். நிலைமை விளங்கவில்லை. "யோசப்பின் அக்கா, நீங்களே பாருங்க. ஒரு காரு, ரெண்டு சாமி. நம்பர் ஒண்ணுதான். எப்படி லா?"

யோசப்பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு படங்களையும் பார்த்தார். மகேந்திரராஜாவின் படத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"ஒரு கார்தான். தொங்கிறது ஒரு மட்டை. ஒரு பக்கம் அந்தோனியார், மற்றப் பக்கம் பிள்ளையார். கலியாணம் கோயிலில எண்டால் ஒரு பக்கம், சேர்ச்சில எண்டால் மற்றப் பக்கம். மாமா திருப்பி விடுவார்."

"ஆருடைய மாமா?" என்றார் பொனிபஸ்.

"என்ர மாமா. சவிரிமுத்து மாமா. குருநகரில கலியாணக் கார் ஓடினவர். இது அவற்ற கார்."

பொனிபஸ் திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"அவர் வெள்ளைக் கார் எல்லோ வச்சிருந்தவர்?"

"நாங்கள் கலியாணம் கட்டேக்க வெள்ளை அடிச்சு, நம்பரையும் மாலையால மறைச்சிட்டார். உங்களுக்குக் கூச்சமா இருக்கும் எண்டு."

பொனிபஸ் கதிரையைத் தேடினார். ஒருவர் தள்ளிவிட்டார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"படம் வந்த அண்டைக்கே. அம்மா படத்தைக் காட்டி, பெடியன் கார் வச்சிருக்கிறானாம் எண்டா. மாமா அதே காரை வாசலில கழுவிக்கொண்டு நிண்டவர். அவரும் வந்து பாத்தார்."

"என்ன சொன்னவர்?"

"சாஞ்சுதான் நிக்கிறான். கதவைத் திறக்கேல்லை. நல்ல பெடியன், குடுக்கலாம் எண்டார்."

எல்லோரும் மகேந்திரராஜாவின் படத்தைப் பார்த்தார்கள். அவர் சாரதி ஆசனத்தில் இருந்தார்.

"கதவு திறந்துதான் கிடந்தது அக்கா," என்றார் மகேந்திரராஜா.

"மாமா தேடினவர். ஆரோ ஒரு பெடியன் ஏறியிருந்து ஹோர்ன் அடிச்சுக் கழட்டிப்போட்டான் எண்டு."

மகேந்திரராஜா ஒரு ரோல்ஸ் எடுத்தார். கடிக்கவில்லை.

"நாப்பத்திரண்டு வருசம்," என்றார் பொனிபஸ். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"ஏன் சொல்லுறன்? நீங்கள் வித்த கதை கேக்க எனக்கு விருப்பம். முதல் வவுனியா டொக்டருக்கு வித்தியள். மகன் நிஷான் பிறந்த வருசம் ஃபாதருக்கு வித்தியள். போன நத்தார்ப் பெருநாளுக்கு அழுதழுது கொழும்பு முதலாளிக்கு வித்தியள். நான் சொல்லியிருந்தால் அந்தக் கார் ஒருநாளும் விக்கப்பட்டிராது."

சிரிக்கத் தொடங்கியது யார் என்று தெரியாது. பொனிபஸ் இல்லை.

பிரேம்நாத் பேனாவை மூடினார். "அப்ப ரெண்டு பேருக்கும் சொந்தக் கார் இல்ல. இடத்தைத் திருப்பிக் குடுத்துடலாம். பொய்க் கையெழுத்து வேணாம்."

பொனிபஸ் தலையை ஆட்டினார். விளக்கு போனது. கம்பளம் போனது. புல்லும் சோஸும் திரும்ப வந்தன. தன் படத்தை எடுத்து உறைக்குள் வைத்தார். வெட்டின பக்கத்தில், ஓரமாக, ஒரு துண்டு ரிபன் தெரிந்தது. கல்யாணக் காரின் ரிபன். எவ்வளவு வெட்டியும் அது போகவில்லை.

"அதில என்ன எழுதியிருக்கு?" என்றார் யோசப்பின்.

"என்னாக்கா?"

"அந்தப் பேப்பரில. குடும்பத்தில எண்டு எல்லோ வாசிச்சனீங்கள். மாமா குடும்பமில்லையோ?"

பிரேம்நாத் மறுபடி வாசித்தார். பேனாவைத் திறந்தார். "உங்க குடும்பம்தான். ஆனா காட்டுறவங்க பேரு நீங்களா இருக்கணும்."

"என்ர பேரை எழுதுங்கோ."

"கார்?"

யோசப்பின் இரண்டு கார்களையும் பார்த்தார்.

"கறுப்பில முழங்கால் மடக்க ஏலாது. சிவப்பை எழுதுங்கோ."

"அது என்ர கார்," என்றார் பொனிபஸ்.

"ஓம்," என்றார் யோசப்பின். "படத்தில நிக்கிறதும் உங்கட கார்தானே."

இரண்டு கிழமை கழித்து, காட்சி மண்டபத்தில் ஏ40 நின்றது. கம்பளம் இருந்தது. விளக்கு இருந்தது. சிவப்புக் கயிறு இருந்தது. பலகையில் 'திருமதி யோசப்பின் பொனிபஸ்' என்று பெயர். அதன் கீழே மூன்று படங்கள். ஒன்றில் சாய்ந்திருக்கிற ஒருவர். ஒன்றில் ஏறியிருக்கிற ஒருவர். மூன்றாவது யோசப்பினுடையது. அதில் சவிரிமுத்து மாமா சாரத்தோடு காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கயிற்றுக்குள் காட்டுபவருக்கு ஒரு கதிரை. அதில் யோசப்பின் இருந்தார். கழுத்தில் அட்டை. மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். அது மண்டபத்தின் விதி. பொனிபஸ் வெளியே நின்றார்.

எஞ்சினைப் பற்றிச் சனம் யோசப்பினிடம் கேட்டது.

"பெரிய சத்தம்," என்று யோசப்பின் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

பொனிபஸ் கயிற்றுக்கு வெளியே நின்று கார்புரேற்றரைப் பற்றிச் சொன்னார். ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உரிமையாளர் கதைக்கும்போது குறுக்கிட வேண்டாம் என்றார்.

மகேந்திரராஜா வந்தார். கயிற்றின் மேலால் எட்டி, திறந்திருந்த ஜன்னலுக்குள் கையை விட்டார். கண்ணாடிக்குப் பக்கத்தில், மாமாவுடையதைப்போல யோசப்பின் செய்து தொங்கவிட்டிருந்த மட்டையைப் பிள்ளையார் பக்கம் திருப்பினார். போய்விட்டார். பொனிபஸின் கை எட்டவில்லை.

மூன்று மணிக்குச் சனம் குறைந்தது.

"யோசு."

"என்ன?"

"ஒரு படம் எடுப்பமோ? காரோட."

யோசப்பின் இரண்டு பக்கமும் பார்த்தார். காவலாளி தூரத்தில் நின்றான். எழுந்து வந்து கயிற்றின் கொளுக்கியைக் கழற்றினார். பொனிபஸ் உள்ளே வந்தார். மேற்சட்டையை இழுத்துவிட்டார். ஒரு கையைக் கூரையில் வைத்தார். காலைப் பம்பரில் வைக்க இரண்டு தரம் முயன்றார். மூன்றாம் தரம் வைத்தார்.

யோசப்பின் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

"சாயுங்கோ," என்றார். "கதவைத் திறக்காதேங்கோ."