நெடுந்துறைக் கரை, பெண்கள் 207

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் தாலுகா, தாலுகாவுக்குள் பகுதி, பகுதிக்குள் கரை, கரைக்குள் வீடு. வீடு என்றால் சுவரும் கூரையும் அல்ல. ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்தது ஒரு வீடு. சென்சஸ் எடுக்கப் போன எங்களுக்குக் கொடுத்த சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் இல்லாமல் வேலை வாங்க வாத்தியாரைவிட லேசான ஆள் சர்க்காருக்குக் கிடைக்காது. கொல்லம் ஆண்டு 1106-இல், இங்கிலீஷ் கணக்குக்கு 1931, கல்குளம் தாலுகாவில், நெடுந்துறைக் கரையை என் தலையில் கட்டினார்கள்.

தை மாதம் வீடு வீடாகப் போய் எல்லாரையும் கறுப்பு மையில் எழுதினேன். மாசி பதினாலாம் தேதி மாலையில் அதே வீடுகளுக்கு மறுபடியும் போக வேண்டும். இடையில் இறந்தவர்களின் வரியைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். பிறந்தவர்களைச் சிவப்பு மையால் சேர்க்க வேண்டும். "மண்டைக்காட்டுக் கொடைக்கு ஆள் வந்து நெறையதுக்கு முன்ன முடிச்சிரணும் வாத்தியாரே" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் கிருஷ்ணமணி பிள்ளை. அவர்தான் எங்கள் பகுதிக்குப் பார்வத்தியக்காரர். பகுதிக் கச்சேரியும் அதன் கணக்குகளும் அவர் பொறுப்பு.

என் வீடும் அந்தக் கரையில்தான் இருந்தது. முப்பத்தொன்றாம் நம்பர். சத்தியநேசன், ஆண், வயது 34 என்று எழுதினேன். அடுத்த வரியில் ஜெபகுமாரி, பெண், வயது 27. பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"இருபத்தாறுன்னு போடுங்க. மகாராணி வந்து என் வயச பாக்கவா போறாவ?"

சர்க்கார் கணக்கில் பொய் எழுதக்கூடாது என்று இருபத்தேழையே எழுதினேன். பொழுது சாயும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வயது குறைத்து எழுதியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மாசி மூன்றாம் தேதி அவள் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. வாத்தியார் கல் மாதிரி இருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கல்லுக்குக்கூட வெயிலில் சூடு ஏறும். எனக்கு அதுவும் இல்லை. பதினோரு நாளாக என் வீட்டில் அடுப்பு பற்றவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லபாய் சோற்றைக் கொண்டுவந்து வைப்பாள், எப்போதாவது தின்பேன். சட்டப் புத்தகத்தின்படி பார்த்தால் என் வீடு வீடே அல்ல.

பதினாலாம் தேதி மாலை புத்தகத்தையும் இரண்டு மைக்கூடுகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "செத்தது உண்டா? பிறந்தது உண்டா?" வாசலுக்கு வாசல் அதே கேள்வி. கேட்கிறவன் யார் என்று தெரிந்ததால் எல்லாரும் தணிந்த குரலில் பதில் சொன்னார்கள். ஒரு கிழவரை அடித்தேன். ஓர் ஆண் பிள்ளையைச் சேர்த்தேன்.

கடைசியாகக் கடலை ஒட்டி ஏசுஅடிமையின் வீடு. அவன் கடலுக்குப் போயிருந்தான். மனைவி லீமா வாசலில் நின்றாள். தை மாதம் நான் வந்தபோது நிறைமாதமாக இருந்தவள்.

"பிறந்தது உண்டா லீமா?"

"இல்ல சாரே."

உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது. அவள் நகர்ந்து கதவை மறைத்துக்கொண்டாள். அந்தத் துறையில் மீனை எண்ணுவார்கள், பிள்ளைகளை எண்ணமாட்டார்கள். எண்ணினால் ஒன்று குறையும் என்று பயம். எத்தனை பிள்ளை என்று கேட்டால், "மாதா தந்தது உண்டு" என்பார்கள். அவளுடைய மூத்த பிள்ளைகளை எழுதவே தை மாதம் நான் அரை நாள் மல்லுக்கட்டியிருந்தேன்.

"சத்தம் கேக்குதே. சர்க்கார் கணக்கு, மறைக்கப்பிடாது."

"எழுதாதேயும் சாரே. ஒம்ம வீட்டயும் நீருதானே எண்ணினீரு?"

சொன்னவுடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ மாதாவே, வாய் தவறிச் சொல்லிட்டேன் சாரே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அதுவும் வரவில்லை. நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. ஆனால் எண்ணினேன்; செத்துப்போனாள். இரண்டும் நடந்தது.

"பெண் பிள்ளையா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினாள். புத்தகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் விளக்கைப் பொருத்தி முப்பத்தொன்றாம் நம்பரைத் திறந்தேன். சிவப்பு மையில் பேனாவைத் தொட்டேன். முனையில் மை காய்ந்தது. மறுபடி தொட்டேன், மறுபடியும் காய்ந்தது. ஜெபகுமாரி, பெண், 27. அடிக்கவில்லை. அப்படியே கூட்டிப்போட்டேன்: ஆண்கள் 205, பெண்கள் 207.

மறுநாள் காலையில் கச்சேரியில் கிருஷ்ணமணி பிள்ளை ஒவ்வொரு வீடாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். முப்பத்தொன்றில் விரல் நின்றது. ஜெபகுமாரியின் அடக்கத்துக்கு வந்திருந்தவர்தான்.

"வாத்தியாரே, இது?"

"கடற்கரையில ஒரு பெண் பிள்ளைய எழுதாம விட்டிருக்கேன். மொத்தம் சரியாத்தான் இருக்கும்."

காலணா அளவு பிழையைக்கூடப் பொறுக்காத மனுஷன். மேசையில் சிவப்பு மைக்கூடு திறந்தே இருந்தது.  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பெண்கள் இருநூத்தேழு, செரி" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கணக்கு தாலுகாவுக்குப் போயிற்று; தாலுகாவின் கணக்கு திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், வந்தேன். வருஷங்கள் போயின. சர்க்கார் புத்தகத்தில் இன்னமும் எனக்கு மனைவி உண்டு என்பதை நினைத்துக்கொள்வேன். எனக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

கொல்லம் 1111 வைகாசியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று லீமா ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எண்ணெய் வழியச் சீவிய தலை, முன்பல் ஒன்று இல்லை.

"இவள எழுதிக்கிடும் சாரே. விக்டோரியா. அஞ்சு வயசு கழிஞ்சாச்சு."

சேர்க்கைப் புத்தகத்தை விரித்தேன். கறுப்பு மைதான். பேனாவைத் தாளில் வைத்தவன் அப்படியே இருந்துவிட்டேன். அவளை எழுதிவிட்டால், அவள் இடத்தில் இத்தனை நாள் இருந்தவள் எழுந்து போக வேண்டும். அது மட்டுமல்ல. எனக்குப் பயமாக இருந்தது. சிரித்துக்கொண்டு நிற்கிற இந்தப் பிள்ளையை என் கையால் எண்ணப் பயமாக இருந்தது. பெஞ்சிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, ஐந்து வருஷத்து அழுகை புத்தகத்தின்மேல் சொட்டியது.

 லீமா சிறுமியை என் மேசையை ஒட்டி நகர்த்தி நிறுத்தினாள்.

"ஒண்ணும் ஆவாது சாரே" என்றாள். "எழுதும்."