வாசனை இல்லாத மாடி

1

இந்தக் கதை ஒரு மூச்சிரைப்பில் தொடங்கியது. அண்ணி படியேறி வந்து, கதவைப் பிடித்தபடி பேச முடியாமல் நின்றார். ஒரு அலுவலகக் கட்டடத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. பதினோரு வருடம் கண்ணாடியிலும் மேசையிலும் அடித்த ஸ்ப்ரே நெஞ்சில் இறங்கியிருந்தது. வேலையை விடச் சொன்னார் டாக்டர்.

"ஸ்ப்ரேய விடுறேன். வேலைய எதுக்கு விடணும்?" என்றார் அண்ணி. அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் வரி இப்படி இருந்தது: 'மைக்ரோஃபைபர் என்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய செயற்கை இழைகளால்...' பாடப்புத்தக வாடை அடித்தது, நிறுத்திவிட்டேன். விஷயம் இவ்வளவுதான்: அந்த இழைகள் நெடுகப் பிளந்திருக்கும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாலே தூசியையும் பிசுக்கையும் கவ்விக்கொள்ளும்.

அண்ணி அந்த இழையில் நெய்த எட்டுத் துணி வாங்கிப்போய், மூன்றாம் மாடி முழுவதையும் ஸ்ப்ரே இல்லாமல் துடைத்தார். மறுநாளே புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி: 'மேசை துடைக்கப்படவில்லை.'

3

சூப்பர்வைசரை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். அண்ணி எடுக்கச் சொல்லிவிட்டார். "நல்ல மனுசன் தம்பி. அவருக்கும் மேலேருந்து பேச்சு விழுது."

அந்த நல்ல மனுசன் கேட்டது: "வாசனையே வரலையேம்மா. தொடச்சீங்கன்னு எப்படி நம்புவாங்க?"

"மூக்கால பாக்காம கண்ணால பாக்கச் சொல்லுங்க சார்."

துணிகளை வாசனை லிக்விடில் அலசிப் பார்க்கலாமே என்றார் அவர். அலசினார்கள். துணி படுத்துவிட்டது. தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக நின்றது. துடைத்த இடமெல்லாம் கோடு. (லிக்விட் இழைகளின் இடுக்கை அடைத்துவிடும் என்று நான் சொல்லிக்கொடுத்ததாக இங்கே ஒரு வரி இருந்தது. பொய். அண்ணியே கண்டுபிடித்தார்.)

மூன்று நாள் வெதுவெதுப்பான நீரில் அலசி அலசித் துணியை மீட்டார். பிறகு சூப்பர்வைசரை வாசல் கண்ணாடிக் கதவின் முன் நிறுத்தினார்.

"பாதிய நீங்க ஸ்ப்ரே போட்டுத் தொடைங்க சார். மீதி என்னுது."

வெயில் ஏறியதும் அவர் துடைத்த பாதியில் மட்டும் கோடுகள் தெரிந்தன. அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சரிம்மா. நாளையிலேருந்து எல்லா மாடிக்கும் இந்தத் துணிதான். ஆனா ஒரு மாசத்துக்குள்ள புகார் வந்தா பழையபடி ஸ்ப்ரேதான். என்னால தாங்க முடியாது."

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அண்ணிக்குப் பாராட்டு விழா, மாலை. இன்னொன்றில் புகார்கள் குவிய, அண்ணி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது...

இரண்டையும் படித்துக்காட்டினேன். அண்ணி துணிகளை மடித்தபடியே கேட்டார்.

"மாலை எதுக்குங்க எனக்கு? அப்புறம், வேலைய விட்டதா நீங்க எழுதினாலும் நான் விடமாட்டேன். என்கூட இன்னும் அஞ்சு பேர் இருமிக்கிட்டே தொடைக்கிறாங்க."

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. அந்தக் கட்டடத்தில்தான் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை உங்கள் மேசையில் எந்த வாசனையும் இருக்காது. புகார்ப் புத்தகம் வாசலில்தான் இருக்கிறது. பேனாவும் அதிலேயே கட்டித் தொங்குகிறது.